கூடுவாஞ்சேரியா, ஆவடியா, மீஞ்சூரா? மின்சார ரயிலை நம்பி வீடு பார்ப்பவர்களுக்கு

போன வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கை மகள் பாளையங்கோட்டையிலிருந்து போன் செய்தாள். "பெரியம்மா, கூடுவாஞ்சேரில ஒரு வீடு அமைஞ்சிருக்கு. ரெண்டு பெட்ரூம், நல்ல தண்ணி, ஸ்டேஷன் பத்து நிமிஷ நடை. நாளைக்கு அட்வான்ஸ் கொடுத்துரலாமா?"

அவளுக்குக் கிண்டியில் வேலை. மாப்பிள்ளைக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை. மூன்று வயதில் ஒரு பையன். அவனைப் பார்த்துக்கொள்ள மாமியாரும் கூட வருகிறார். கூடுவாஞ்சேரியிலிருந்து கிண்டிக்கு ஒரே வண்டிதான். அதுவரை அவள் கணக்கு சரி. "மாப்பிள்ளை எப்படிப் போவார்?" என்று கேட்டேன். "அவருக்கும் டிரெயின்தான் பெரியம்மா, சென்னைல எங்க பாத்தாலும் எலக்ட்ரிக் டிரெயின் இருக்கே" என்றாள்.

அட்வான்ஸ் கொடுக்காதே, ஒரு வாரம் பொறு என்று சொல்லிவிட்டு, அன்று இரவே ஒரு நோட்டில் எழுத உட்கார்ந்தேன். பதினாறு வருடமாகத் திருநின்றவூரிலிருந்து சென்ட்ரலுக்குத் தினமும் போய் வருகிறவள் நான். கல்யாணமான புதிதில் பொன்னேரியில் மூன்று வருடம் குடியிருந்தோம். நாத்தனார் வீடு குரோம்பேட்டையில். ஆக மூன்று தடங்களிலும் நின்றும் நெருங்கியும் பழகியவள். அவளுக்காக எழுதியதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். வெளியூரிலிருந்து வந்து சென்னையைச் சுற்றி வீடு தேடுகிற எல்லாருக்கும் இதே குழப்பம்தான் வருகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "சென்னை புறநகர் ரயில்" என்பது ஒரே தடம் இல்லை. தெற்கே கடற்கரை நிலையத்திலிருந்து எழும்பூர், மாம்பலம், கிண்டி, தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டுக்கு ஒன்று. மேற்கே சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட்டிலிருந்து பெரம்பூர், அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியாக அரக்கோணத்துக்கு ஒன்று. வடக்கே அதே மூர் மார்க்கெட்டிலிருந்து திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி வழியாகக் கும்மிடிப்பூண்டிக்கு ஒன்று. வேளச்சேரிக்குப் போகும் பறக்கும் ரயில் தனி. அது பக்கத்து ஊர்களுக்குப் போகாததால் இந்தக் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை.

மூன்று விரலை விரித்துப் பிடித்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இந்தத் தடங்கள். தெற்கு நுனியையும் மேற்கு நுனியையும் காஞ்சிபுரம் வழியாகச் சுற்றிப் போகும் தடம் ஒன்று இணைக்கிறது, ஆனால் தினசரி வேலைக்கு அது உதவாது. கூடுவாஞ்சேரியில் இருப்பவர் ஆவடிக்கு ரயிலில் போக வேண்டும் என்றால், ஊருக்குள் வந்து, சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் பார்க் ஸ்டேஷனில் இறங்கி, படியேறி இறங்கி, சுரங்கப்பாதை வழியாகச் சாலையைக் கடந்து, மூர் மார்க்கெட்டுக்குப் போய், வேறு வண்டி பிடித்து, வந்த தூரம் மறுபடி வெளியே போக வேண்டும். மேற்கும் வடக்கும் மட்டும் பேசின் பிரிட்ஜில் ஒன்றாக நிற்கின்றன. அங்கே ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாறலாம். தெற்கு வண்டிகள் அங்கே வருவதில்லை. கடற்கரை நிலையத்திலிருந்து மேற்குக்கும் வடக்குக்கும் போகும் வண்டிகள் கொஞ்சம்தான். வீட்டைத் தேடத் தொடங்கும் முன் மனதில் வாங்க வேண்டிய விஷயம் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

தெற்குத் தடம்: கூடுவாஞ்சேரி

தெற்கத்திக்காரர்கள் தாம்பரத்தைத் தாண்டி வீடு பார்ப்பதற்குக் காரணம் வாடகை மட்டும் இல்லை. நெல்லை எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் நிற்கும், செங்கல்பட்டிலும் நிற்கும். பஸ்ஸில் போகிறவர்களுக்கு 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் கூப்பிடு தூரம். பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் மூட்டை முடிச்சோடு ஊருக்குக் கிளம்புகிற குடும்பத்துக்கு இது பெரிய நிம்மதி. என் தங்கை மகள் இதைச் சொன்னபோது நான் மறுக்கவில்லை. வருடத்தில் நான்கு தடவை வரும் நிம்மதி அது. ஆனால் வேலைக்குப் போவது வருடத்தில் முந்நூறு நாள்.

தெற்குத் தடத்தின் பெரிய பலம், வண்டிகள் அடுத்தடுத்து வருவது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931லேயே மின்சார வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. அன்று மீட்டர் கேஜ். 2004 வரை அந்தக் குட்டி வண்டிகள் ஓடின. அந்தக் காலத்திலிருந்தே தாம்பரம் வரை மின்சார வண்டிக்கென்று தனித் தடங்கள் உண்டு. விரைவு வண்டிகளுக்கு வழிவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டிய அவசியம் குறைவு. காலையிலும் மாலையிலும் ஒரு வண்டியை விட்டால் பத்து நிமிடத்துக்குள் அடுத்தது வந்துவிடும். கிண்டியிலும் பரங்கிமலையிலும் எழும்பூரிலும் மெட்ரோவுக்கு மாறலாம். மாம்பலத்தில் இறங்கினால் 2023 மே மாதம் திறந்த ஆகாய நடைபாதையில் ஏறி, ரங்கநாதன் தெரு நெரிசலில் சிக்காமல் தி. நகர் பஸ் ஸ்டாண்டுக்கே போய்விடலாம்.

ஆனால் இந்தச் சௌகரியம் முழுதாகக் கிடைப்பது தாம்பரம் வரைதான். வீட்டு புரோக்கர்கள் இதைச் சொல்வதில்லை. கடற்கரையில் கிளம்பும் வண்டிகளில் நிறைய தாம்பரத்தோடு நின்றுவிடும். கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள் கோவில், செங்கல்பட்டு போகும் வண்டிகள் அதில் ஒரு பங்குதான். சாயங்காலம் கிண்டி நடைமேடையில் நின்று பார்த்தால் தெரியும். தாம்பரம் வண்டி வந்தால் சிலர் ஏறுவார்கள், பலர் அசையாமல் பலகையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர்கள்தான் வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரிக்காரர்கள். செங்கல்பட்டு வண்டி வந்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஏறுவார்கள். காலையில் கூடுவாஞ்சேரியிலிருந்தே புறப்படும் வண்டிகள் சில உண்டு. அவற்றின் நேரத்துக்கு வீட்டைப் பழக்கிக்கொண்டால் உட்கார்ந்து போகலாம். தவறினால் செங்கல்பட்டிலிருந்து நிரம்பி வரும் வண்டியில் நின்றுகொண்டுதான்.

வாசலில் தொங்கிக்கொண்டு போவதை மட்டும் எந்த அவசரத்திலும் செய்யாதே என்று அவளிடமும் மாப்பிள்ளையிடமும் சத்தியம் வாங்காத குறையாகச் சொன்னேன். 2018 ஜூலையில் பரங்கிமலையில் திருமால்பூர் வண்டியின் படியில் நின்றவர்கள், வண்டி வழக்கமான தடத்தில் போகாமல் விரைவுத் தடத்தில் போனபோது, நடைமேடையை ஒட்டிய சுவரில் மோதி விழுந்தார்கள். காலை வேலை நேரம். எல்லாரும் வேலைக்கும் படிப்புக்கும் கிளம்பியவர்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, கூட்ட வண்டி வந்தால் விட்டுவிடுவேன்.

2025 ஏப்ரலில் இந்தத் தடத்தில் ஏசி மின்சார ரயிலும் வந்துவிட்டது. கதவு தானாக மூடிக்கொள்ளும். தொங்குவதற்கு இடமே இல்லை. அந்த ஒன்றுக்காகவே எல்லா வண்டிகளும் அப்படி ஆகிவிட்டால் தேவலை. ஆனால் ஒரு நாளைக்குச் சில நடைதான் ஓடுகிறது. அறிமுகமானபோது குறைந்த கட்டணமே 35 ரூபாய். கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்கு 105. சாதாரண வண்டியில் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்குப் 10 ரூபாய்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், தினமும் போகிறவர்களுக்கு அது மாற்று ஆகாது. கோடையில் ஒரு நாள் உடம்பு முடியாதபோது கைகொடுக்கும்.

சரி, மாப்பிள்ளை? கூடுவாஞ்சேரியிலிருந்து பார்க் வரை ஒரு மணிக்கு மேல். நடந்து மூர் மார்க்கெட் போய் வண்டிக்குக் காத்திருக்கக் கால் மணி. அங்கிருந்து தொழிற்பேட்டைக்குப் பக்கத்திலிருக்கும் பட்டரவாக்கம் வரை அரை மணி. வீட்டு வாசலிலிருந்து கம்பெனி வாசலுக்கு இரண்டே கால் மணிக்குக் குறையாது. போக வர நாலரை மணி. எட்டு மணி ஷிஃப்டுக்கு ஐந்தரைக்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். பையன் தூங்கும்போது போய், அவன் தூங்கிய பிறகு வருகிற அப்பாவாக ஆகிவிடுவார்.

"பைக்ல அவுட்டர் ரிங் ரோடு வழியா போயிடுவேன் பெரியம்மா" என்றார் மாப்பிள்ளை. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் போகும் அந்தச் சாலைதான், ரயில் நேராக இணைக்காத மூன்று விரல்களையும் இணைக்கிறது. வண்டலூரில் தெற்குத் தடம், நெமிலிச்சேரியில் மேற்கு, மீஞ்சூரில் வடக்கு. நேரம் பார்த்தால் அது ரயிலை விடச் சீக்கிரம்தான். ஆனால் கண்டெய்னர் லாரிகள் ஓடுகிற அகலச் சாலையில், இருட்டோடு கிளம்பி இருட்டோடு திரும்பி, நெமிலிச்சேரியில் இறங்கி மறுபடி ஆவடி நெரிசலில் ஊர்ந்து, தினம் போக வர நூறு கிலோமீட்டர் அளவுக்குப் பைக்கில். மழைக்காலம் வேறு. நான் ஒப்பவில்லை. அவர் அம்மாவும் ஒப்பவில்லை.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். வண்டலூர், மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் அடையாற்றின் தொடக்கப் பகுதி. 2015 டிசம்பரில் அங்கே மாடி வரை தண்ணீர் ஏறியது. கூடுவாஞ்சேரியிலும் ஏரிக்குத் தாழ்வான நகர்கள் உண்டு. வெயில் காலத்தில் வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு எல்லா மனையும் மேடாகத்தான் தெரியும். பக்கத்து மளிகைக் கடையில், போன ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் எது வரைக்கும் வந்தது என்று கேட்டால் கையை வைத்தே காட்டுவார்கள்.

மேற்குத் தடம்: ஆவடியும் திருநின்றவூரும்

இது என் தடம். பிரியம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். குறையையும் அதே அளவு சொல்கிறேன்.

தென்னிந்தியாவில் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் போனது. அதன் வழிதான் இன்றும் இந்தத் தடம். பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை, அம்பத்தூரில் தொழிற்பேட்டை, ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை என்று நெடுக வேலைக்காரர்களின் ஊர்கள். அதனால் காலையில் கூட்டம் ஒரு பக்கம் மட்டும் போவதில்லை. சென்ட்ரலிலிருந்து அம்பத்தூருக்கு வருகிறவர்களும் சம அளவில் இருப்பார்கள். திருவள்ளூர் பக்கத்திலிருந்து விடியற்காலை வண்டியில் கீரைக் கட்டும் பூவும் வரும். லேடீஸ் பெட்டியில் என் எதிரே உட்காரும் ஓர் அம்மா, திருநின்றவூரில் மடியில் உதிரி மல்லியைக் கொட்டினால், பெரம்பூர் வருவதற்குள் எட்டு முழம் கட்டி ஈரத் துணியில் சுற்றி முடித்துவிடுவார். வண்டி எவ்வளவு ஆடினாலும் நார் அவர் விரலிலிருந்து நழுவி நான் பார்த்ததில்லை. அமாவாசை அன்று மட்டும் பார்த்துப் போக வேண்டும். திருவள்ளூர் வீரராகவர் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் வண்டி கொள்ளாது.

இங்கே தாம்பரத்தின் இடத்தில் இருப்பது ஆவடி. ஆவடியோடு திரும்பும் வண்டிகளும், அதன் பக்கத்துப் பட்டாபிராம் கிளையிலிருந்து வரும் வண்டிகளும், திருவள்ளூர், அரக்கோணத்திலிருந்து வரும் வண்டிகளும் சேர்வதால் ஆவடியில் நிற்பவருக்கு வண்டிக்குப் பஞ்சமில்லை. எங்கள் திருநின்றவூருக்கு அத்தனை வராது. வண்டியை விட்டால் இருபது நிமிடம், சில சமயம் அரை மணி. எங்களுக்கு வேறு அதிர்ஷ்டம், ஃபாஸ்ட் வண்டி. பெரிய நிலையங்களில் மட்டும் நின்று சென்ட்ரலுக்கு விரைந்துவிடும். ஆனால் மாப்பிள்ளை இறங்க வேண்டிய பட்டரவாக்கம் போன்ற சின்ன நிலையத்தில் ஃபாஸ்ட் நிற்காது. பலகையைப் பார்க்காமல் ஏறினால் கண் எதிரே கம்பெனி கடந்து போவதைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

மாப்பிள்ளைக்கு ஆவடியிலிருந்து பட்டரவாக்கம் கால் மணி நேரம். இடையில் அண்ணனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர் என்று மூன்றே நிலையங்கள். திருநின்றவூரிலிருந்து அரை மணி. இரண்டுமே மதியம் மறந்து வைத்த டிபன் பாக்ஸை வீட்டுக்கு வந்து எடுத்துப் போகிற தூரம்.

அவளுக்குத்தான் இங்கே பாரம். ஆவடியிலிருந்து சென்ட்ரல் முக்கால் மணி நேரத்துக்குள் வரும். அங்கே இரண்டு வழி. ஒன்று, சுரங்கப்பாதையில் நடந்து பார்க் போய்த் தாம்பரம் வண்டி ஏறுவது. இன்னொன்று, மூர் மார்க்கெட்டுக்குப் பக்கத்திலேயே இறங்கி மெட்ரோவில் நேரே கிண்டி போவது. மெட்ரோ நீலத் தடம் சென்ட்ரல், தேனாம்பேட்டை, சைதாப்பேட்டை வழியாகக் கிண்டிக்கு மாறாமல் போகிறது. அரை மணிக்குள் ஆகிவிடும். ஆக வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு ஒன்றரை மணியைக் கொஞ்சம் தாண்டும். கூடுவாஞ்சேரியிலிருந்து போனால் அவளுக்கு ஒன்றேகால் மணிக்குள் முடியும். அவளுக்கு ஒரு நடைக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம் கூடுகிறது. மாப்பிள்ளைக்கு ஒரு நடைக்கு ஒன்றரை மணிக்கு மேல் குறைகிறது.

மேற்குத் தடத்தின் குறை மழைதான். பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவே 14ஆம் எண் பாலம் என்று ஒன்று இருக்கிறது. அதன் கீழே தண்ணீர் ஏறினால் மொத்தத் தடமும் நின்றுவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அங்கேதான் நின்றது. அதற்குப் பல வருடம் முன்பு ஓர் ஐப்பசி மாலை, நான் வந்த வண்டி பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. இரண்டு மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். கைப்பிள்ளையோடு இருந்த ஒரு பெண்ணுக்கு எதிரே இருந்தவர் தன் சாப்பாட்டுக் கூடையிலிருந்து பாதித் தோசையையும் தண்ணீரையும் கொடுத்தார். பிறகு வரிசையாகக் கல்லில் இறங்கி, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தோம். வீடு சேரும்போது இரவு பதினொன்றரை. வருடத்தில் இரண்டு மூன்று நாள் அப்படி வரும் என்று இவர்களிடமும் மறைக்காமல் சொன்னேன். அந்த நாட்களில் குழந்தையிடம் யார் இருப்பார்கள் என்பதற்கு முன்கூட்டியே பதில் வேண்டும். இவர்களுக்கு மாமியார் இருக்கிறார். மாப்பிள்ளையும் பாலத்தைத் தாண்டாத பக்கத்திலேயே வேலை செய்கிறார். இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு ஆவடி கூடுதலாகப் பிடித்தது. மழை நாளில் பெற்றவர்களில் ஒருவராவது வீட்டுக்கு எட்டும் தூரத்தில் இருப்பார்.

வீட்டளவில் பார்த்தால் திருநின்றவூரில் அதே வாடகைக்கு ஓர் அறை கூடுதலாகவும், வாசலில் ஒரு முருங்கையும் கிடைக்கும். என்றாலும் நான் என் ஊரைச் சிபாரிசு செய்யவில்லை. சின்னக் குழந்தை வைத்திருப்பவளுக்கு, தவறவிட்ட ஒரு வண்டிக்கு அரை மணி என்பது அதிகம். ஏரிக்கரையோரத் தெருக்களில் மழைக்குத் தண்ணீரும் நிற்கிறது.

வடக்குத் தடம்: மீஞ்சூர்

மூன்றிலும் வாடகை குறைவு இங்கேதான். மீஞ்சூர், பொன்னேரியில் ஊர் இன்னும் ஊராக இருக்கிறது. வயல் உண்டு, சந்தை உண்டு. நாங்கள் இருந்த மூன்று வருடமும் காய்கறிக்குக் கணக்குப் பார்த்ததாக நினைவில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், வரைபடத்தில் இவர்களுக்குப் பொருந்துவது இந்தத் தடம்தான். மாப்பிள்ளை பேசின் பிரிட்ஜில் மாறி மேற்கு வண்டி பிடித்தால் பட்டரவாக்கம். அவள் விம்கோ நகரில் இறங்கினால் பக்கத்திலேயே மெட்ரோ. 2021 பிப்ரவரியில் நீலத் தடத்தை அதுவரை நீட்டிவிட்டார்கள். அங்கே ஏறினால் மாறாமல் கிண்டி. மெட்ரோ அதற்கு அடுத்த டிப்போ நிலையத்திலிருந்தே கிளம்புவதால் உட்கார இடமும் கிடைத்துவிடும். விம்கோ நகருக்கோ திருவொற்றியூருக்கோ குடிவந்துவிட்டால் அவளுக்கு மின்சார ரயிலே வேண்டாம்.

ஆனாலும் நான் வேண்டாம் என்றேன். அத்திப்பட்டுக்கு வடக்கே மின்சார வண்டியும், டெல்லி, கொல்கத்தா போகும் விரைவு வண்டிகளும், துறைமுகத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் போகும் சரக்கு வண்டிகளும் ஒரே தடங்களைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. லோக்கல் வண்டிதான் ஒதுங்கி நிற்கும். நந்தியம்பாக்கத்தில் நின்றுகொண்டு சரக்குப் பெட்டிகளை எண்ணி எண்ணி எனக்கு ஐம்பத்தெட்டு வரை எண்ணிய நாட்கள் உண்டு. 2024 அக்டோபரில் கவரைப்பேட்டையில் தர்பங்கா போன விரைவு வண்டி, நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியபோது இந்தத் தடத்துக்காரர்களுக்கு வேறு வழியே இல்லாமல் போயிற்று. இரண்டு வண்டி மாறுகிற மாப்பிள்ளைக்கு, முதல் வண்டி பத்து நிமிடம் தாமதித்தால் இரண்டாவது கையை விட்டுப் போகும்.

இன்னொரு காரணம் காற்று. எண்ணூர் பக்கத்து மக்கள் எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பது அது. 2023 டிசம்பர் ஒரே மாதத்தில் கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. சில வாரத்துக்குள் அம்மோனியா வாயுக் கசிவால் நள்ளிரவில் ஊரே வீட்டை விட்டு ஓடியது. அங்கே தலைமுறையாக வாழ்கிறவர்களுக்கு நல்ல காற்று உரிமை, அது கிடைத்தே ஆக வேண்டும். ஆனால் புதிதாக வீடு பார்க்கிறவள், அதிலும் வீசிங் தொல்லை உள்ள பையனை வைத்திருப்பவள், என்னிடம் கேட்டால் நான் வேறு என்ன சொல்ல முடியும்?

ஊருக்குள்ளேயே இருந்துவிட்டால்?

வில்லிவாக்கம், கொரட்டூர், பெரம்பூர் மூன்றையும் கேட்டுப் பார்த்தோம். பயண நேரத்தில் இவையே முதலிடம். கொரட்டூரிலிருந்து பட்டரவாக்கம் அடுத்த நிலையம். ஆனால் ஆவடியில் இரண்டு அறை வீட்டுக்குக் கொடுக்கிற வாடகைக்கு இங்கே ஓர் அறைதான் கிடைத்தது. மாமியாருக்கு ஹாலில் படுக்கை போட வேண்டியிருக்கும். ஊரில் முற்றம் வைத்த வீட்டில் இருந்தவரை, பேரனைப் பார்க்க வரச் சொல்லிவிட்டு ஹாலில் படுக்க வைப்பது எனக்கே மனசு ஒப்பவில்லை. விட்டுவிட்டோம்.

பணக் கணக்கு

ரயில் கட்டணத்தை வைத்து ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மின்சார ரயிலில் குறைந்த கட்டணம் 5 ரூபாய். மாத சீசன் எடுத்தால் எந்த ஊரானாலும் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். மூன்று தடங்களுக்குள் பெரிய வித்தியாசமே இல்லை. செலவு இருப்பது முதல் மைலிலும் கடைசி மைலிலும். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ஷேர் ஆட்டோ, பைக் நிறுத்தக் கட்டணம், கிண்டிக்கு மெட்ரோ. மெட்ரோ கட்டணம் 10 முதல் 50 ரூபாய் வரை. அவளுக்குப் போக வர மாதம் ஆயிரத்தைத் தாண்டும். அதை மிச்சம் பிடிக்க வேண்டிய மாதங்களில் பார்க் வழியாகப் போகலாம், பத்து நிமிடம் கூடும். மாநகரப் பேருந்தில் சாதாரணக் கட்டண வண்டிகளில் பெண்களுக்கு 2021லிருந்து கட்டணம் இல்லை. ஸ்டேஷனிலிருந்து வீட்டுப் பக்கம் பஸ் போகிறதா என்று பார்ப்பதும் இதற்காகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். பராமரிப்புப் பணி என்று சொல்லி வண்டிகளைக் குறைப்பது பெரும்பாலும் அன்றுதான். ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போய், "வண்டியே வரமாட்டேங்குதே" என்று ஓர் ஊரைக் கழித்துவிடாதீர்கள். அதே போல, காலியான வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பரனூர் தாண்டிக் கொளவாய் ஏரியைப் பார்த்துவிட்டுச் செங்கல்பட்டில் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். அந்த ஏரி அவ்வளவு அழகு. திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு அதே வண்டியில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

இவர்களை நான் அப்படித்தான் செய்யச் சொன்னேன். ஆனி மாதம் ஒரு வாரம் என் வீட்டில் வந்து தங்கினார்கள். திங்கள் கூடுவாஞ்சேரி, செவ்வாய் ஆவடி, புதன் விம்கோ நகர். மூன்று நாளும் இருவரும் அந்தந்த ஊருக்கு விடியுமுன் போய், அங்கிருந்து வேலை நேரத்துக்குக் கிளம்பிப் பார்த்தார்கள். கிளம்பிய நேரம், ஏறிய நேரம், நின்றார்களா உட்கார்ந்தார்களா, சேர்ந்த நேரம் என்று நோட்டில் எழுதினார்கள். திங்கள் இரவு மாப்பிள்ளை சாப்பிடும்போதே கண் சொருகிவிட்டார். கூடுவாஞ்சேரி அன்றோடு முடிந்தது. செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஆவடியிலிருந்து கிண்டி இருக்கை வரை ஒரு மணி முப்பத்தெட்டு நிமிடம். அதில் நாற்பது நிமிடம் உட்கார்ந்து வந்திருக்கிறாள். மாப்பிள்ளைக்கு எல்லாம் சேர்த்து முப்பத்தாறு நிமிடம். புதன் அவளுக்குச் சௌகரியமாகவே இருந்தது. பையனை நினைத்து அவளே வேண்டாம் என்றாள்.

வாங்க வேண்டாம், பதினோரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு எடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அவள் கம்பெனி மாறினால் இந்தக் கணக்கு முழுதும் மாறும். ஆவடியில் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில், மேடான தெருவில் வீடு அமைந்தது. மாமியார் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் வரை நடந்து பார்த்தார். பையன் வழியில் இரண்டு நாயையும் ஒரு புல்டோசரையும் வேடிக்கை பார்த்ததில் பதினெட்டு நிமிடம் ஆயிற்று.

ஆவணியில் பால் காய்ச்சினார்கள். முதல் நாள் வேலைக்குக் கிளம்பும் முன் அவளுக்கு ஒன்றுதான் சொன்னேன். சென்ட்ரல் போகும்போது வண்டியின் முன்பக்க லேடீஸ் பெட்டியில் ஏறு. மூர் மார்க்கெட்டில் தடம் அங்கேயே முடிகிறது, வெளிவாசல் முன்பக்கம்தான். பின்னால் ஏறினால் பன்னிரண்டு பெட்டி நீளத்தையும் கூட்டத்தோடு நடந்து வர வேண்டும், அதற்குள் ஒரு மெட்ரோ போய்விடும்.